கேட்கப் பழகிய பிள்ளைகள்

போன மாதம் காரைக்குடி செக்காலையிலிருந்து ஓர் இளம்பெண் என் வீட்டுக்கு வந்தார். பள்ளிக்கூடம் ஒன்றில் மனநல ஆலோசகராக வேலை பார்க்கிறாராம். பெரிய வகுப்பு மாணவிகளில் சிலரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, சின்ன வகுப்புப் பிள்ளைகளின் மனக்கஷ்டங்களைக் கேட்கச் செய்யப்போவதாகச் சொன்னார். "நீங்க அந்தக் காலத்துலயே இதைச் செஞ்சிருக்கீகன்னு கேள்விப்பட்டேன் மேடம். இதுல ஆபத்து ஏதும் உண்டா?" என்று கேட்டார். எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

எழுத உட்கார்ந்த பிறகுதான், இதை இத்தனை வருடம் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்தது. ஒரு பெண்ணின் காதுக்குப் போகக் கூடாத விஷயம் இதில் இருக்கிறது. அவள் சென்ற ஆண்டு காலமாகிவிட்டாள். இனி எழுதலாம். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நான் ஆசிரியப் பயிற்சி முடித்து, அதற்கு மேல் ஓராண்டு சென்னையில் மனவியல் படித்தேன். புத்தகங்களெல்லாம் இங்கிலீஷில் இருந்தன. அவற்றில் வரும் பிள்ளைகள் தனி அறையில் தூங்குவார்கள், அப்பாவிடம் எதிர்த்துப் பேசுவார்கள். அதைப் படித்துத் தேறி, அறிவுத்திறன் சோதிக்கும் மரக்கட்டைப் பெட்டி ஒன்றோடு அறுபதுகளின் நடுவில் காரைக்குடிக்கு வந்து சேர்ந்தேன். பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் வேலை. பாதி நேரம் சரித்திரப் பாடம், மீதி நேரம் 'வழிகாட்டு ஆசிரியை'. அப்போது பள்ளிக்கூடம் பதினோராம் வகுப்போடு முடியும்.

தலைமையாசிரியை சௌந்தரம் அம்மாள். மதுரைப் பக்கத்துக்காரர். ஆசிரியைகள் யாரும் அவர் அறையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவரும் உட்காரமாட்டார். ஜன்னல் ஓரம் நின்றபடி, மைதானத்தைப் பார்த்துக்கொண்டே நாம் சொல்வதைக் கேட்பார். ஆனால் பிள்ளையைப் பெற்றவர்கள் வந்தால் முதலில் நாற்காலியை இழுத்துப் போடுவார். தனக்கு வந்த டீயை அவர்கள் பக்கம் நகர்த்தி வைப்பார். அவர்கள் குடித்து முடிக்கும்வரை ஒரு கேள்வியும் வராது. நீளமான அறிக்கை அவருக்கு ஆகாது. நான் முதன்முதலில் ஒரு மாணவியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு போனபோது அதைத் தொடாமலே சொன்னார்:

"மூணு விஷயம் சொல்லுங்க போதும். என்ன நடந்துச்சு, யாருக்கு வலிக்குது, நாளைக்கு என்ன செய்யப்போறீக."

அன்றிலிருந்து மூன்றாவதற்குப் பதில் இல்லாமல் அந்த அறைக்குள் நான் போனதில்லை.

என் அறை ரசாயனக் கூடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. வாசலில் பலகை மாட்டியிருந்தோம். தப்புச் செய்த பிள்ளைகளை அனுப்பும் இடம் என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பேச்சாகிவிட்டது. மாதக்கணக்கில் ஒருத்தியும் வரவில்லை. ஒருநாள் மதிய இடைவேளையில் சௌந்தரம் அம்மாள் என்னை ஜன்னல் பக்கம் கூப்பிட்டு, தண்ணீர்க் குழாயடியைக் காட்டினார். இரண்டு இரண்டு பேராகப் பிள்ளைகள் தலையைச் சேர்த்துவைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்ககிட்ட வராதது பூரா அங்குட்டுப் போகுது. அவுகளுக்கே சொல்லிக் கொடுங்களேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. எந்தப் புத்தகத்திலும் பார்த்துச் செய்ததில்லை.

முதல் வேலை ஆள் தேர்ந்தெடுப்பது. வகுப்பு வகுப்பாகப் போய், "மனசு சரியில்லைன்னா இந்தப் பள்ளிக்கூடத்துல யார்கிட்டச் சொல்லுவ?" என்று கேட்டு, ஒரு பெயரைத் துண்டுத்தாளில் எழுதச் சொன்னேன். முதல் மார்க் வாங்குகிறவர்கள், வகுப்புத் தலைவிகள் பெயர் அதிகம் வரவில்லை. பத்தாம் வகுப்புச் செல்லத்தின் பெயர் எல்லா வகுப்பிலிருந்தும் வந்தது. அரியக்குடியிலிருந்து நடந்து வரும் பெண். கொஞ்சம் நிலபுலம் உள்ள விவசாயக் குடும்பம். படிப்பில் நடுத்தரம். ஏன் இவள் பெயர் என்று ஒரு ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டேன். "அந்த அக்கா குழாயில எங்களுக்கு விட்டுட்டுத்தான் குடிப்பாக" என்றது.

வெள்ளிக்கிழமை கடைசி மணியில் பயிற்சி. முதல் பாடம் உட்காருவது. எதிரில் உட்காரக் கூடாது, பக்கத்தில் உட்கார வேண்டும். ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்தால் பேச்சு தானாக வரும். இரண்டாவது, ஒருத்தி சொல்வதை மற்றவள் முழுக்கக் கேட்டு, தன்னுடையது எதையும் சேர்க்காமல் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லிப் பார்த்தால்தான் எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். எல்லோரும் புத்திமதி சேர்த்துவிடுவார்கள். செல்லம் ஒருத்திதான் முதல் வாரமே சரியாகச் செய்தாள்.

மூன்று பேச்சுகளுக்குத் தடை. 'கவலைப்படாதே' என்று சொல்லக் கூடாது, அது வாயை அடைக்கிற பேச்சு. 'யார்கிட்டயும் சொல்லமாட்டேன்' என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. ஒரு பிள்ளையின் உயிருக்கு ஆபத்து என்றால் என்னிடம் சொல்லியாக வேண்டும். அதனால் 'உன்னைக் கேக்காமச் சொல்லமாட்டேன்' என்றுதான் சொல்ல வேண்டும். மூன்றாவது, 'எனக்கும் இப்படித்தான்' என்று ஆரம்பிக்கக் கூடாது. சொந்தக் கதை நுழைந்தால் வந்தவளின் கதை நின்றுபோகும். மூன்று தடைகளையும் சௌந்தரம் அம்மாளிடம் சொன்னபோது முதல் இரண்டுக்கும் தலையாட்டினார். மூன்றாவதைக் கேட்டுவிட்டு, "அப்ப அவுக கதைய யார் கேக்குறது?" என்றார். "நான் கேக்குறேன்" என்றேன். கேட்கவும் செய்தேன். ஆனால் அந்தப் பெண்கள் ஒருவரும் தங்களைப் பற்றிச் சொன்னதில்லை. பெரிய பெண்களானதும் அவர்கள் வீடுகளில் சொல்லிக்கொடுக்கும் முதல் விஷயமே வீட்டுப் பேச்சு வாசல் தாண்டக் கூடாது என்பதுதான்.

அந்த வருடம் ஆறாம் வகுப்பில் ஜைனபு என்ற பெண் சேர்ந்தாள். பர்மாவிலிருந்து கப்பலில் வந்த குடும்பம். அவளுடைய அப்பா, அவள் பேச்சில் அத்தா, ரங்கூனில் சொந்தமாகத் தையல் கடை வைத்திருந்தவர். இங்கே செக்காலையில் இன்னொருவர் கடையில் கூலிக்குத் தைத்தார். அம்மா பர்மாக்காரி, கூட வரவில்லை. சேர்ந்த வாரம் ஓர் ஆசிரியை பிரம்பால் மேசையை ஓங்கி அடித்திருக்கிறார். பயத்தில் ஜைனபு "அமே" என்று கத்திவிட்டாள். பர்மியப் பேச்சில் அம்மா என்று அர்த்தம். மற்ற பிள்ளைகளுக்கு அது 'ஆமை' என்று கேட்டது. வகுப்பே சிரித்தது. அன்றைக்கு மூடிய வாய்தான். ஆமை என்ற பெயரும் நிலைத்துவிட்டது.

ஊமைப் பிள்ளைகள் பள்ளிக்கு அனுப்பிவிடலாம் என்று ஆசிரியைகள் சொன்னார்கள். நான் அவளை அழைத்துவந்து, முதுகுக்குப் பின்னால் சாவிக்கொத்தைப் போட்டுப் பார்த்தேன். சட்டென்று திரும்பினாள். மரக்கட்டைகளைக் கொடுத்தேன். பெரிய வகுப்புப் பிள்ளைகள் திணறும் வடிவங்களை அலட்டிக்கொள்ளாமல் அடுக்கினாள். காதும் சரி, புத்தியும் சரி. தமிழும் நன்றாகத் தெரியும் என்று அவள் அத்தா சொன்னார்.

செல்லத்தை அவளோடு உட்கார வைத்தேன். மதிய இடைவேளையில் தையல் வகுப்பு வராந்தாவில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். செல்லம் ஒன்றும் கேட்கமாட்டாள். தன் தையல் துணியை எடுத்து ஓரம் அடித்துக்கொண்டிருப்பாள். அவளுக்குத் தையல் வராது. சில வாரம் கழித்து ஒருநாள் ஜைனபு அந்தத் துணியை அவள் கையிலிருந்து வாங்கி, தப்பாகப் போட்ட தையலைப் பிரித்து, சரியாகப் போட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். செல்லம் அதை எனக்குக் காட்டியபோது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து நானும் சந்தோஷப்பட்டேன்.

ஆனால் பேச்சு வரவில்லை. சௌந்தரம் அம்மாள் அத்தாவை வரவழைத்தார். நாற்காலி, டீ. அவர் குடித்து முடித்த பிறகு, "வீட்டுல பேசுவாளா?" என்று கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணுதான் கேப்பா. அம்மா எப்ப வருவாகன்னு. அடுத்த கப்பல்லன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"வருவாகளா?"

அவர் காலி டம்ளரை மேசையில் வைத்தார். "வரமாட்டாம்மா. அவளோட வயசான தாயை விட்டுட்டு வரமுடியாதுன்னுட்டா. கைப்பிள்ளைப் பயல அவ வச்சுக்கிட்டா, இவளை நான் கூட்டிட்டு வந்துட்டேன். துறைமுகத்துக்குக்கூட வரல. வந்தா பிள்ளை கையை விடாதுன்னு பயந்துட்டா. இதை எப்படிம்மா பிள்ளைகிட்டச் சொல்றது?"

"நீங்கதான் சொல்லணும்" என்றார் சௌந்தரம் அம்மாள். "நாங்க சொன்னா அது வெறும் சேதி. நீங்க சொன்னா, அத்தா கூடத்தான் இருக்காகன்னு பிள்ளைக்குத் தெரியும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை பள்ளிக்கு வந்து, வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "அழுகல. தம்பி நடக்குறானான்னு கேட்டா. தெரியல ஆத்தான்னேன். அதுக்கப்புறம் எங்கிட்டயும் பேசல."

அந்த வாரங்கள் எனக்குக் கொடுமையாகக் கழிந்தன. நிஜத்தைச் சொல்ல வைத்து, வீட்டில் இருந்த ஒரு கேள்வியையும் பறித்துவிட்டோமோ என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. சௌந்தரம் அம்மாள், "பொறுங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டார். செல்லம் ஒரு நாள்கூட விடாமல் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பிறகு செல்லமே பள்ளிக்கு வராமல் போனாள். சாக்கோட்டைப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்த அவள் அக்கா பிரசவத்தில் இறந்துவிட்டாள் என்று செய்தி வந்தது. மூத்தது ஒரு பெண் குழந்தை, நாலு வயசிருக்கும். பிறந்தது ஆண், பிழைத்துக்கொண்டது. கருமாதி முடிந்து செல்லம் திரும்பி வந்தபோது புதுப் பள்ளி ஆண்டு தொடங்கி, அவள் பதினோராம் வகுப்புக்கு வந்திருந்தாள். "சொல்லணும்னு தோணுனா வா" என்றேன். "சரி டீச்சர்" என்றாள். வரவில்லை. மதியம் வழக்கம்போல வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

சில நாள் கழித்து நான் என் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் தட்டியது. ஜைனபு நின்றாள். ஓடி வந்ததில் மூச்சு இரைத்தது.

"டீச்சர், செல்லம் அக்கா அழுகுறாக. வாங்க."

எனக்கு முதலில் விளங்கவே இல்லை. பேசியது இந்தப் பிள்ளைதானா என்று பார்த்தேன். அவளுக்கு அதெல்லாம் நினைப்பில்லை. என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

வராந்தாவில் செல்லம் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள். ஜைனபு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். எதிரில் அல்ல, பக்கத்தில். ஒன்றும் சொல்லாமல் அவள் முதுகில் கை வைத்துக்கொண்டாள். அதை அவளுக்கு நான் சொல்லிக்கொடுக்கவில்லை. இத்தனை மாதம் தனக்கு நடந்ததை அப்படியே திருப்பிச் செய்தாள்.

செல்லம் அன்று என்னிடம் சொன்னது இதுதான். அக்கா பிள்ளைகளை வளர்க்க ஆள் வேண்டும். மச்சானுக்கே அவளைக் கொடுத்துவிடலாம் என்று இரண்டு வீட்டிலும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பரீட்சைவரைகூடப் பொறுக்க முடியாது, கைக்குழந்தை பாலுக்கு அழுகிறது. இதை ஜைனபிடம் மட்டும் தினம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லியிருக்கிறாள். "இவ யார்கிட்டயும் பேசமாட்டாளேன்னுதான் சொன்னேன் டீச்சர். சொந்தக் கதை சொல்லக் கூடாதுன்னு சொன்னீக. தப்புத்தான்" என்றாள்.

தப்பில்லை என்று சொன்னேன். அவள் சொல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பிள்ளை வாயைத் திறந்தே இருக்காது.

சௌந்தரம் அம்மாளிடம் போய் மூன்றையும் சொன்னேன். நாளைக்கு என்ன என்பதற்கு, "அவ அப்பாவைப் பார்க்கணும்" என்றேன். "நானும் வர்றேன்" என்றார். மறுநாள் இருவரும் ஜட்கா வண்டி பிடித்து அரியக்குடி போனோம். செல்லத்தின் அப்பா வயலிலிருந்து வந்து, கை கால் கழுவிவிட்டு எங்கள் முன்னால் நின்றார். அழுது அழுது வீங்கின கண். செத்தவளும் அவர் மகள்தானே.

"ஒரு வருசம் பொறுக்க முடியாதா?" என்று கேட்டார் சௌந்தரம் அம்மாள். "பரீட்சை எழுதட்டும். அதுவரைக்கும் பிள்ளைகளை நீங்க வச்சுப் பாருங்களேன்."

"இவ ஆத்தா எந்திரிச்சே உக்காரலம்மா. யாரு பாக்குறது? வேற ஒருத்தி வந்தா எம் பேரப்பிள்ளைக கதி என்னன்னு நெனச்சா தூக்கமே வரல." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஆனா ஒண்ணும்மா. செத்தவளுக்காக இருக்குறவளை நான் கொல்லமாட்டேன். அவ வேணாம்னா வேணாந்தான். நான் வற்புறுத்தல. நீங்களே கேளுங்க."

எனக்கு உயிர் வந்ததுபோல இருந்தது. மறுநாள் செல்லத்தைத் தலைமையாசிரியை அறைக்கு அழைத்தோம். சௌந்தரம் அம்மாள் அன்றைக்கு ஒரு மாணவிக்கு நாற்காலி போட்டார். தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து அன்றுதான் பார்த்தேன்.

"உங்க அப்பா உன் இஷ்டம்னு சொல்லிட்டாக. நீ வேணாம்னு சொன்னாப் போதும். மிச்சத்தை நாங்க பாத்துக்கிறோம். ஹாஸ்டல்ல இடம் கேட்டுத் தர்றேன். படி."

செல்லம் நிமிர்ந்து சொன்னாள்.

"நான் போறேன் டீச்சர்."

"உனக்குப் பிடிச்சிருக்கா?"

"இல்ல."

"அப்புறம் ஏன்?"

"அம்மா இல்லாம ஒரு பிள்ளை எப்படி இருக்கும்னு இத்தன மாசம் பக்கத்துல உக்காந்து பாத்துட்டேன். ஜைனபைப் பாத்துட்டு எப்படி டீச்சர் மாட்டேன்னு சொல்றது? அக்கா மகளும் இப்ப பேசமாட்டேங்குறா. கதவு மூலையிலயே நிக்கிறா."

சௌந்தரம் அம்மாள் எழுந்து ஜன்னலுக்குப் போனார். நான் ஏதேதோ சொன்னேன். வேறு வழி இருக்கும், யோசி, அவசரப்படாதே. எல்லாவற்றையும் அவள் குறுக்கிடாமல் கேட்டாள், நான் பழக்கியபடியே. கேட்டு முடித்து, "போயிட்டு வர்றேன் டீச்சர்" என்று கும்பிட்டாள்.

அவள் போன பிறகு சௌந்தரம் அம்மாள் திரும்பாமலே சொன்னார்: "இந்தக் காரணம் இந்த ரூமை விட்டு வெளிய போகக் கூடாது. ஜைனபு காதுல என்னைக்கும் விழக் கூடாது. தன்னாலதான் அக்கா படிப்புப் போச்சுன்னு நெனச்சிருவா."

கல்யாணம் கோயிலில் வைத்துச் சுருக்கமாக நடந்தது. ஜைனபை அழைத்துக்கொண்டு போனேன். அவள் வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாள். ரங்கூன் வீட்டு மாடிப்படி, தம்பியின் சுருட்டை முடி, மழை. பேச்சு வந்துவிட்ட பிள்ளைக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. கேட்கப் பழகியவள் மணமேடையில் இருந்தாள்.

அதற்குப் பிறகு பயிற்சியில் ஒரு மாற்றம் செய்தோம். துணைக்கு உட்காரும் பெண்கள் ஒவ்வொருவருக்கும் வாரத்தில் ஒரு நேரம், அவர்கள் மட்டும் பேச. சௌந்தரம் அம்மாளே வந்து பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். அவருக்கு மாறுதல் வரும்வரை அது நடந்தது. அடுத்து வந்தவர் வீட்டுக் கதைகளைப் பிள்ளைகள் பேசுவது பள்ளிக்கூடத்துக்குக் கெட்ட பெயர் என்றார். பலகையைக் கழற்றிவிட்டு முழு நேரமும் சரித்திரம் எடுத்தேன். ஜைனபு பதினோராம் வகுப்பு முடித்து, தையல் ஆசிரியையாகி, சென்ற ஆண்டு கண்ணை மூடும்வரை நல்லபடியாக வாழ்ந்தாள். அம்மாவிடமிருந்து கடைசிவரை ஒரு தகவலும் இல்லை. என்னைப் பார்க்கும்போதெல்லாம் செல்லத்தைப் பற்றிக் கேட்பாள். நல்லா இருக்கா என்று சொல்வேன்.

எழுபதுகளின் நடுவில், ஜூன் மாதச் சேர்க்கை நாளில், செல்லம் பள்ளிக்கு வந்தாள். கூட அக்கா மகள், ஆறாம் வகுப்பில் சேர. வாய் ஓயாத பிள்ளை. பள்ளி வாசலிலிருந்து என் மேசைவரைக்கும் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தது. செல்லம் இளைத்திருந்தாள். முன்தலையில் நரை. அவளுக்கு அப்போது இருபத்துமூன்று, இருபத்துநாலுதான் இருக்கும். தனக்கென்று பிள்ளை இல்லை.

பிள்ளை எழுத்தரிடம் போயிருந்தபோது இருவரும் மரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எப்படி இருக்க செல்லம்?"

"நல்லா இருக்கோம் டீச்சர். இவ படிப்புல கெட்டி. பையனுக்குத்தான் அடிக்கடி சளி. அவுகளுக்கு இந்த வருசம் வெள்ளாமை பரவாயில்ல."

"உன்னைக் கேட்டேன்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். உதடு அசைந்தது. சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். அதற்குள் பிள்ளை ஓடி வந்து, "சித்தி, சேத்துட்டாங்க" என்று அவள் மடியில் விழுந்தது. அவள் அதன் தலையை ஒதுக்கிவிட்டுக்கொண்டே எழுந்தாள். "இன்னொரு நாளைக்கு வந்து சொல்றேன் டீச்சர்" என்றாள்.

அந்தப் பெண் பள்ளிப் படிப்பை முடித்துப் போகும்வரை செல்லம் பலமுறை வந்தாள். பார்த்தபோதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். ஒவ்வொரு முறையும், பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.